இன்னும் நான்கு இடங்கள்

என் வீட்டுக்காரிக்கு,

வியாழக்கிழமை உன் கண் கட்டைப் பிரித்துவிடுவார்கள். அதன்பின் நீயே படிக்க வேண்டும் என்றுதான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். மகளைப் படிக்கச் சொல்லாதே.

தீவில் பார்க்க நிறைய இருக்கிறது. அடியில் கண்ணாடி பதித்த படகில் போய்ப் பவளப்பாறை பார்த்தோம். கலங்கரை விளக்கத்துக்கு நூற்றெண்பத்திரண்டு படிகள். ஆனால் எந்தப் பக்கம் நடந்தாலும் அரை மணியில் கடல் வந்து மறித்துவிடுகிறது.

தவறு என்னுடையதுதான். உன்னை விட்டுவர மனமில்லை என்று கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம். மகன் மனம் கோணக் கூடாதே என்று, பார்க்க வேண்டிய பதினான்கு இடங்களை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். மழையில் இரண்டு நாள் போய்விட்டதால், திரும்புவதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டான்.

“அம்மாவுக்கு வியாழக்கிழமை...” என்று இழுத்தேன்.

“அக்கா பாத்துக்குவாப்பா. இன்னும் நாலு இடந்தான். நீங்க ஆசையா எழுதின லிஸ்ட்டு, பாதியில விடலாமா?”

“அத்தை திட்டுவாங்கன்னு பயப்படுறாரு” என்றாள் மருமகள். நானும் சிரித்துவைத்தேன்.

கட்டுப் பிரிக்கும்போது எதிரில் நிற்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்ததை அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

நாளைக் காலைப் படகை விட்டால் வியாழனுக்குள் வந்துசேர முடியாது. கடிதத்தைப் படகுத்துறையில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். பையில் மாத்திரைகளும் ஒரு சட்டையும் இருக்கின்றன.

இதைத் தபால்காரர் கொடுத்தால், படகு போகும்வரை கரையிலேயே நின்றேன் என்று தெரிந்துகொள். நான் கொடுத்தால், கடிதத்தைப் பிறகு படி. முதலில் என்னைப் பார்.

உன் பயந்தாங்கொள்ளி