தெருப்பக்கம் ஓடும் தண்ணீர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? உன் முட்டிவலி தேவலையா? தைலத்தை மிச்சம் பிடிக்காதே.

நான் விவசாயி ஆகிவிட்டேன், சிரிக்காதே. கிடங்கில் தூக்கியெறியும் சரக்குப் பலகைகளை அறுத்து, உள்ளே சாக்கு விரித்து, மூன்று பெட்டிகள் செய்து எங்கள் மாடி பால்கனியில் வைத்தேன். ஆணியைவிட என் விரல்தான் அதிகம் அடி வாங்கியது. ஆனாலும் கீரை தளதளவென்று வந்திருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் முன்பெல்லாம் அறைக்குள் ஓடிவந்து என் பாயை நனைக்கும். இந்த வாரம் தெருப்பக்கம் ஓடுகிறது. பாய் தப்பித்ததே என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் பார்த்தேன், பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

நேர் கீழே நடைபாதையில் ஒரு தையல்காரர் மிஷின் போட்டிருக்கிறார். ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணே, உங்க கீரைக்குப் பயந்து நான் கடைய மாத்தணுமா?" என்று சிரித்தார். வீட்டுக்காரரோ, "விரிசல் தெரியாம இன்னொரு பெட்டி செஞ்சு வைங்க" என்கிறார்.

பெட்டிகளை எடுக்க நானும் அந்தப் பால்கனியில்தான் நிற்க வேண்டும். உன் சமையலில் வளர்ந்த தொப்பையை எங்கே கழற்றி வைப்பது?

யாராவது வந்தால், இடுப்பில் கட்டிக்கொள்ள நம் வீட்டுக் கொடிக்கயிறு கொஞ்சம் கொடுத்தனுப்பு. கயிறு இங்கேயும் கிடைக்கும்தான். இருந்தாலும் அனுப்பு.

கீழே தையல் மிஷின் சத்தம் கேட்கிறது. இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். உறையில் விலாசம் எழுதி வைத்துவிட்டேன். பெட்டிகளை எடுத்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.