செத்த கரி

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான், கொஞ்சம் கோபத்தோடு.

எங்கள் பட்டறைச் சாயக் கழிவுநீரின் நிறத்தை முதலில் கரித்தொட்டி உறிஞ்ச வேண்டும். மிச்சத்தைச் சவ்வு வடிகட்டும். கரி உறிஞ்சும் சக்தி போய்ச் செத்து ஒரு மாதமாகியும் மேலாளர் மாற்றவில்லை. சவ்வு அடைத்துக்கொண்டது. "உனக்கு வேலையே தெரியல" என்று எல்லார் முன்னாலும் என்மேல் பாய்ந்தார். சிவப்புத் தண்ணீரை அப்படியே ஓடையில் விடச் சொன்னார்.

"நான் வால்வைத் திறக்க மாட்டேன். நீங்களே திறங்க, பதிவேட்டுல உங்க பேரை எழுதிக்கிறேன்" என்றேன்.

அந்த ஆளுக்குத் துணிவில்லை. புதுக் கரி வரும்வரை பட்டறை இரண்டு நாள் நின்றது. தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனால் இரண்டு நாள் கூலி போன ஆத்திரத்தில் கூட வேலை செய்பவர்கள் ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போகிறார்கள். போகட்டும், எனக்கும் அவர்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை.

கை வெடிப்புக்குக் களிம்பு அனுப்புங்கள். அம்மாவைத் தினமும் போன் பண்ணச் சொல்லுங்கள், திட்டுவதற்காகவாவது. ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்