குமிழில் காய்ந்த சந்தனம்

4-10-1976, திங்கள்

பூஜை விடுமுறை முடிந்து இன்று பாலிடெக்னிக் ஆய்வகத்தைத் திறந்தோம். மின் அலையைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் திரையில் பச்சைக் கோடு வரவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. ஃபியூஸை மாற்றினேன், வயரை மாற்றினேன். திரை இருட்டாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்தது ருக்மணி. கொல்லங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வரும் உதவியாளர், இன்னும் தற்காலிகம்தான். ஈரத்துணியால் துடைத்தாயா என்று கேட்டேன்.

"காஞ்ச துணிலதானுங்க சார் தொடச்சேன். உள்ளுக்குத் தண்ணி போகலீங்க."

நான் நம்பவில்லை. அவளுடைய கவனக்குறைவால் கருவி பழுது என்று எழுதி, மதியமே பிரின்சிபாலுக்கு அனுப்பிவிட்டேன். அவளை நிரந்தரமாக்கும் ஃபைலும் அவர் மேசையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் கருவியைக் கோயமுத்தூருக்கு ரிப்பேருக்கு அனுப்பத் தயார் செய்தோம். குமிழ்களில் பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது. அவளைச் சுரண்டச் சொன்னேன். சுவிட்சை அணைக்க மறந்திருந்தேன். கோட்டின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை அவள் சுரண்டியபோது அது திரும்பியது. கோடு வந்துவிட்டது.

சந்தனம் வைத்தவன் நான். வைக்கும்போது தெரியாமல் அந்தக் குமிழைக் கடைசிவரை குறைத்திருக்கிறேன். அது எங்கே நிற்கிறது என்று காட்டும் குறியையும் சந்தனம் மறைத்துவிட்டது.

"ஏதோ லூஸ் காண்டாக்ட்" என்றேன்.

"அப்படிங்களா சார்" என்று நகத்திலிருந்த சந்தனத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

நாளை கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டும். பிரின்சிபால் காரணம் கேட்பார். அவரிடமும் லூஸ் காண்டாக்ட் என்றுதான் சொல்வேன் போலிருக்கிறது.