கருப்பு ஏறாத அட்டைப்படம்

முதலில் பிள்ளைகள் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் தொடங்கியதில்லை என்பது உனக்குத் தெரியும். மூத்தவன் மகன் பாலிடெக்னிக் முடித்து மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. மகள் வயிற்றுப் பேத்தி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருக்கிறாள். சின்னவன் மகள், கடைக்குட்டி, ஓவியப் போட்டியில் பரிசு வாங்கினாள். அந்தச் சந்தோஷத்தில் அவள் அப்பன் பஸ் ஸ்டாண்டில் புதுக் காமிக்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். மை வாசனை குப்பென்று வந்தது.

"அப்பத்தா, அட்டையைப் பாருங்க. எப்படியிருக்கு?"

கடல் நடுவே ஒரு கலங்கரை விளக்கம். அதன் உச்சியில் முகமூடி போட்ட ஒருத்தி, மழையில் நிற்கிறாள். படம் போட்டவன் மழையை எல்லா இடத்திலும் போடவில்லை. விளக்கு வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் மெல்லிய கோடுகளாகப் போட்டிருக்கிறான். மற்ற இடத்து மழையை நம் கண்ணே போட்டுக்கொள்கிறது. இரு, உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அடுத்தடுத்த வீட்டில் இருந்த நமக்கு இந்தக் காமிக்ஸ் அட்டைகள் கடைக்கு வருவதற்கு முன்பே வந்துவிடும். உன் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. சாயம் சரியாக விழாத தாள்களைக் கட்டுக்கட்டாக ராஜபாளையத்துக்குக் கொண்டுவருவார். நீயும் நானும் மைதாப் பசை காய்ச்சி, அவற்றை மடக்கி ஒட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பலசரக்குக் கடைக்குப் பை செய்து கொடுப்போம். ஒரு தாளில் மஞ்சள் மட்டும் இருக்கும். ஒன்றில் சிவப்பும் சேர்ந்திருக்கும். நீலமும் ஏறியது ஒன்று. கருப்பு கடைசியில்தான் ஏறுமாம்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். உனக்கு எழுத்தே தெரியாது. அட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டு, உன்னை ஒரு பார்வை பார்ப்பேன். நீ கேட்டுக்கொண்டு மறுபடியும் படத்துக்குள் போய்விடுவாய்.

"ஏட்டி, முதுகுல துண்டைக் கட்டிட்டு எங்க கெளம்பிட்டான் இவன்?"

"கெணத்துக்குத்தான் வதினா. போற வழியில எவனையோ அடிக்கணுமாம், அதான் மூஞ்சிய மறைச்சிருக்கான்."

வதினா என்பது உங்கள் வீட்டுத் தெலுங்கு, அண்ணி என்று அர்த்தம். எனக்கு அந்தப் பெயர் வைத்ததும் நீ, அட்டையில் அடிக்கடி வருகிற அந்த முகமூடி வீரனுக்குப் பச்சைத்துண்டுக்காரன் என்று வைத்ததும் நீ. ஒருநாள் ஒரே அட்டையின் இரண்டு தாள்களை என் முன்னால் போட்டாய்.

"இதுல பறக்கான். இதுல நிக்கான். ஏன்னு சொல்லுங்க பாப்போம்."

"ரெண்டும் ஒரே ஆளுதானட்டி. இரு, என்ன போட்டிருக்குன்னு வாசிக்கேன்."

"எழுத்தை விடுங்க வதினா. நிழலைப் பாருங்க. காலுக்கும் நிழலுக்கும் நடுவுல எம்புட்டு எடம் விட்டுருக்கான்! அதுலதான் பறக்கான். இந்தத் தாளுல கருப்பு ஏறல, நிழல் விழல. ஆளு நிக்கான்."

இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. அது எனக்குச் சுருக்கென்றது. "அம்புட்டுப் பேசுதவ உம் பேரை எழுதிக் காட்டு பாப்போம்" என்றேன். நீ சிரித்தாய். அதன் பிறகு பொழுது சாயும்வரை தலை நிமிராமல் பை ஒட்டினாய்.

வயிற்றில் கட்டி என்று உன்னை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பை ஒட்டும் வேலை என் ஒருத்தி தலையில் விழுந்தது. பஸ் ஏறி உன்னைப் பார்க்க வந்த முதல் நாளே கேட்டாய்.

"புது அட்டை வந்தா ஒன்னு ஒட்டாம எடுத்து வைங்க வதினா. பறக்குறதாப் பாத்து எடுங்க."

வந்தது. பச்சைத்துண்டுக்காரன் அட்டைகளிலேயே அதுதான் அழகு. சாயங்கால வானம், செம்மண்ணைக் கரைத்து ஊற்றின மாதிரி. கீழே சின்னச் சின்னதாக ஓட்டு வீடுகள். வீடுகளின் மேல் அவன் நிழல் ஒடிந்து ஒடிந்து, ஓடுகளில் ஏறி இறங்கிக் கிடந்தது. அந்தக் கட்டுத் தாள்களில் நான்கு சாயமும் சரியாக விழுந்தது அது ஒன்றுதான். அதை உனக்கென்று எடுத்து ஓரமாக வைத்தேன்.

மறுநாள் கடைக்குப் பை கொடுக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தது. அதே அட்டையில் கருப்பு ஏறாத தாள் ஒன்றும் கையில் இருந்தது, உனக்கென்று வைத்ததைவிடச் சுத்தமாக. பைக்கு நான்கு சாயமும் ஏறிய தாள்தான் எடுப்பாக இருக்கும். எதை ஒட்டுவது? எழுத்துத் தெரியாதவளுக்கு, அதுவும் படுத்துக் கிடக்கிறவளுக்கு, எந்தத் தாள் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். வேறு மாதிரி சொல்லி உன்னிடம் தப்பிக்க முடியாது. நல்ல தாளில் பசையைத் தடவினேன்.

நான் கொண்டுவந்த தாளை நீ நெஞ்சின்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தாய். ஓட்டு வீடுகளின் மேல் விரல் போய் எதையோ தேடியது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாய்.

"நிக்கான், வதினா."

நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன். நீதான் மறுபடியும் பேசினாய்.

"செத்த நேரம் நிக்கட்டும். பாவம், எம்புட்டு நேரந்தான் பறப்பான்."

அங்கிருந்து நேரே பலசரக்குக் கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பாய் சிரித்துவிட்டார். "ஏம்மா, இப்ப வந்து கேட்டா? பச்சைத்துண்டுக்காரன் காலையிலேயே மிளகா வத்தலோட மகாராஜபுரம் பஸ் ஏறிட்டான்ல!" அடுத்து வந்த கட்டில் அந்த அட்டை இல்லை. அதற்கடுத்த கட்டைப் பிரிக்க நீ இல்லை. நடுவில் இரண்டு முறை வந்து உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பறக்கிற தாள் எங்கே என்று நீ கேட்கவில்லை. ஒட்டிவிட்டேன் என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ ஏதாவது கேலி பேசி என்னை விட்டிருப்பாய். அதற்கும் வழியில்லாமல் நானே செய்துகொண்டேன்.

நேற்று அந்த மழையைப் பேத்திக்குச் சுட்டிக் காட்டினேன். "அப்பத்தா, இது எனக்கே தெரியலையே" என்றாள். மற்ற நாளாக இருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். அது உன் கண் என்று எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் எழுத்தைக் கடைசியில்தான் வாசிக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

உன் முகம்கூட எனக்கு மங்கிக்கொண்டே வருகிறது. மூக்குத்தி தெரிகிறது, முகம் வர மாட்டேன் என்கிறது. உன்னை யாரும் ஒரு போட்டோ எடுத்து வைக்கவில்லை. தேவதானத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிற உன் மகளுக்கு இப்போது நீ போன வயது, உன் சாடையும் உண்டு. அவளுக்கு இன்று நானே என் கையால் ஒரு கார்டு எழுதினேன்:

"தாயி, ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. பழையது வேண்டாம், கல்யாணத்தில் எடுத்ததும் வேண்டாம். கேமராவைப் பார்க்காதே. கையில் ஏதாவது ஒரு படத்தை வைத்துக்கொண்டு, அதைப் பார்."