எட்டடி வரப்பு

அக்டோபர் 29, புதன்

எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு திருத்தினேன். மூன்று சரியான விடைக்குத் தப்புப் போட்டிருக்கிறேன். ஒரு பெண் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் தாசில்தாருக்குக் கொடுக்கவேண்டிய அந்தத் தாளை மறுபடியும் என் கைப்பை மேல் வைத்திருந்தார். ‘எங்கள் நிலத்தில் சுடுகாட்டுப் பாதை எக்காலத்திலும் இருந்ததில்லை.’ கீழே வளர்மதி என்று என் பெயர். அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த நிலம், பட்டா என் பேரில். அதனால் என் கையெழுத்துதான் வேண்டுமாம். பாதை போகும் நிலத்தை வாங்கமாட்டேன் என்று விலை பேசியிருக்கும் சென்னைக்காரர் சொல்லிவிட்டார்.

“இன்னா யோசிக்கிற? சர்வே படத்துல பாதை கீதா? இல்ல. அப்புறம் இன்னா?”

படத்தில் இல்லைதான்.

அக்டோபர் 31, வெள்ளி

கோவிந்தம்மாள் பள்ளிக்கூட வாசலிலேயே மடக்கிவிட்டாள். பதினெட்டு வருடமாக எங்கள் வயலில் நடவு நடுகிறவள். போன மாதம் அவள் புருஷன் சேட்டு செத்தபோது, என் வீட்டுக்காரர் எங்கள் வரப்பை மறித்துப் புதிதாகப் போட்ட முள்கம்பி வேலி முன்னால் பாடை நின்றது. முக்கால் மணி நேரம் மழையில் நின்றுவிட்டு, மெயின் ரோட்டைச் சுற்றித் தூக்கிப் போனார்கள். அவள்தான் தாசில்தாரிடம் மனு கொடுத்தவள்.

“உங்க வூட்டு நடவுக்கு என் கை வேணும். என் வூட்டுக்காரரு போறதுக்கு வழி வேணாமா டீச்சரம்மா?”

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடிச்சிட்டாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மணி அடிக்கவில்லை.

நவம்பர் 1, சனி

தலைவலிக்கு ஸ்கேன் வரை பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கூட வேலை செய்யும் சுதா சொல்லி, ஏனாத்தூர் பக்கம் ஷீபா மேடத்திடம் போனேன். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர். சனிக்கிழமைகளில் வீட்டு மாடியில் மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார். மாத்திரை கிடையாது, பரிகாரம் கிடையாது. தத்துவ ஆலோசனையாம்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “போடலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க மேடம்” என்றேன்.

“நான் சொல்லிடுவேன். அந்த முடிவோட குடித்தனம் பண்ணப்போறது யாரு?”

கையெழுத்துப் போட என்னென்ன காரணம் என்று எழுதிவரச் சொன்னார். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிற எனக்கே வீட்டுப்பாடம். இதற்கா இரண்டு பஸ் மாறிப் போனேன் என்று எரிச்சலாக வந்தது.

நவம்பர் 5, புதன்

இன்றும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

நான்கு காரணம் எழுதிப் போனேன். படத்தில் பாதை இல்லை. பயிர் மிதிபடும். நிலம் விற்றால்தான் மகளை மேலே படிக்கவைக்க முடியும். போடாவிட்டால் வீட்டுக்காரர் என்னோடு பேசமாட்டார்.

மேடம் ஒவ்வொன்றாக எடுத்தார். “நாளைக்கே படத்துல பாதை இருக்குன்னு தெரிஞ்சா, வேலியை எடுக்கச் சொல்வீங்களா?”

மாட்டேன்.

“அறுவடை முடிஞ்சு வயல் காலியா இருந்தா? மகள் படிப்புக்கு வேற வழி கிடைச்சா?”

அப்போதும் வாயைத் திறக்கமாட்டேன். ஒன்றை மட்டும் மாற்றிப் பார், விடை மாறுகிறதா பார் — இது நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. என்னையே கரும்பலகையில் போட்டதும் நாலாவது காரணம் மட்டும்தான் நின்றது.

“பயப்படறது தப்பா மேடம்?”

“இல்லைங்க. பயத்துக்கு ‘படத்துல இல்ல’ன்னு பேர் வெச்சிருக்கீங்களே, அதைத்தான் பாக்கச் சொல்றேன்.”

அவமானமாக இருந்தது. அடுத்த வாரம் போகக்கூடாது.

நவம்பர் 12, புதன்

இருபதாம் தேதி விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். “நீ யாரு பக்கம்? எனக்கு அது தெரிஞ்சாவணும்.”

யார் பக்கமும் இல்லை என்றேன். பொய். இன்னாத்துக்கு எனக்கு எழுதிவெச்ச, நைனா, இந்த நிலத்தை? எனக்கு வேணாம்... எதுவுமே வேணாம்.

நவம்பர் 15, சனி

போனேன்.

மேடம் டவுனில் பிறந்தவர், வயலில் கால் வைத்ததில்லை. “வரப்பு எவ்வளவு அகலம் இருக்கும்?” என்றார்.

“ஒன்றரை அடி.”

“பாடை போற வரப்பு?”

“எட்டடி.”

“அது மட்டும் ஏன்?”

அவர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். ஒரு சாண் நிலத்துக்காகப் பக்கத்து வயல்காரரோடு கோர்ட்டு வரை போனவர் அப்பா. அவர் எட்டடி விட்டுவைத்தது, பக்கத்துக்கு இரண்டு பேராகத் தோள் கொடுத்து நடக்க. பாடை போன மறுநாள் வரப்பு முழுக்கப் பொரி சிதறிக் கிடக்கும். சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். மறந்துபோகவில்லை. மறந்த மாதிரி வைத்திருந்தேன்.

மேடத்தின் எதிரில் அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

நவம்பர் 20, வியாழன்

தாசில்தார் வரப்பிலேயே வந்து நின்றார். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், ஒரு பக்கம் கோவிந்தம்மாளும் அவள் தெரு ஆட்களும். கையெழுத்தில்லாத தாள் அவர் சட்டைப்பையில்.

“பட்டாதாரர் நீங்கதானேம்மா? பாதை இருந்துச்சா?”

“இருந்தது சார். இவ்வளவு அகலம் எங்கப்பா விட்டதே அதுக்குத்தான்.”

வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகும் சத்தம்தான் கேட்டது. கோவிந்தம்மாள் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

நவம்பர் 27, வியாழன்

தாசில்தார் உத்தரவில் வேலியை எடுத்துவிட்டார்கள். சென்னைக்காரர் வேண்டாமென்று போன் பண்ணிவிட்டார். மகளுக்கு என்ன செய்யப்போகிறேன்? வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோற்றைத் தானே போட்டுக்கொள்கிறார். நாலாவது காரணம் பொய்யில்லை. பயந்தது அப்படியே நடந்திருக்கிறது. ஆனால் இப்போது நான் திருத்தும் நோட்டில் தப்பு விழவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

கோவிந்தம்மாள் தெருவில் முனிரத்தினம் இறந்துவிட்டார். எங்கள் கிணறு வெட்டியவர். காலையில் பறைச் சத்தம் வயல் பக்கம் வந்ததும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து வெளியே போனார். வழிமறித்துச் சண்டைக்கு நிற்பாரோ? பின்னாலேயே ஓடத் தோன்றியது. ஓடவில்லை. வாசலிலேயே நின்றேன். பறை நிற்காமல் வயலைத் தாண்டிப் போனது. அவர் திரும்பவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். முழங்கால் வரை சேறு. வீட்டுக்குள் ஏறாமல் கிணற்றடியிலேயே நின்றார். பத்தொன்பது நாளுக்கு அப்புறம் என்னைப் பார்த்துப் பேசினார்.

“மாத்துத்துணி எட்த்தா. சுடுகாட்டுக்குப் போய் வந்தேன், குளிக்கணும்.”