முதல் வாய் துப்புகிறவன்

ஐப்பசி. திங்கள். காலையில் தூறல்.

எங்கள் கொள்ளேகாலம் மெட்ராஸை விட்டு மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம், சேர்ந்த மாதம். நான் மைசூர் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஊர் இப்போதுதான் பின்னாலேயே வந்திருக்கிறது.

எழுத்து தெரியாமலே அறுபது தாண்டியாயிற்று. எஸ்தர் டீச்சர் சர்ச்சுக் கூடத்தில் சாயங்காலம் கிழடுகட்டைகளுக்கு எழுத்து சொல்லித்தருகிறார். "தினமும் என்ன சாப்பிட்டீங்க, என்ன குடிச்சீங்கன்னு நாலு வரி எழுதுங்க ஐயா. கை பழகும். நான் பாக்க மாட்டேன்."

களியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. டீயைப் பற்றி எழுதலாம்.

நஞ்சப்பா கடை. மார்க்கெட்டில் பூ வரிசைக்குப் பின்னால். சுற்றிலும் காபி ஓட்டல்கள். காபி ஊரில் டீ விற்க வித்தை காட்ட வேண்டும் என்று நாளுக்கொரு வாசனை போடுகிறான். இன்று ஏலக்காய். அப்போதே இடித்தது. மூக்கில் ஏறி நெஞ்சில் இறங்கியது. இரண்டு கிளாஸ்.

பொன்னிக்குச் சொல்லவில்லை. என் மகள், பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. "ஒண்ணுக்கு மேல குடிச்சா பித்தம் ஏறுமுங்கப்பா" என்பாள்.

செவ்வாய். நல்ல மழை.

மஜ்ஜிகே ஹுல்லு டீ. எலுமிச்சை வாசம் அடிக்கிற புல். கன்னடத்தில் ஹுல்லு என்றால் புல், ஹல்லு என்றால் பல். நான் இன்னும் மாற்றித்தான் சொல்கிறேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேருக்குள் வாய்ச்சண்டை. கொள்ளேகாலம் யாருடையது என்று. ஒருவன் எங்கள் பக்கத்துத் தமிழன். மற்றவன் கன்னடக்காரன், மூட்டைக் கொக்கியை எடுத்தான், கொக்கியைப் போட்டுவிட்டுத் தலையால் முட்டினான். தமிழன் வாயெல்லாம் ரத்தம். முன்பல் ஒன்று தெறித்து என் கிளாசில் விழுந்தது.

நஞ்சப்பா எட்டிப் பார்த்தான். "ஏனு தாத்தா, இது ஹுல்லு டீயா, ஹல்லு டீயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பல் போனவனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பல்லை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் குடித்தேன். வீணாக்க மனசில்லை. புல் வாசம். கடைசியில் லேசாக உப்பு.

உப்பு டீ குடித்து எத்தனை காலம்.

புதன். வெயில், பிறகு மேகம்.

மல்லிகை டீ. ஒரு முழம் பூவைத் தூள் டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்ததாம். கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. சர்க்கரை குறைவாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

புதிதாக ஒரு கிழவன். வெள்ளைச் சட்டை, வெள்ளிப் பூண் போட்ட தடி. நஞ்சப்பா பெஞ்சைத் துடைத்துவிட்டான். "டீ எஸ்டேட்ல மேஸ்திரியா இருந்தவரு. இனிமே நம்ம கடைக்கு அவரு நாக்குதான் ஜட்ஜு."

கிழவன் டீயைச் சாசரில் ஊற்றினான். சர்ரென்று உறிஞ்சினான். வாய்க்குள் உருட்டினான். துப்பினான். என் காலடியில் விழுந்தது.

"தப்பா நெனைக்காதேப்பா. ருசி பாக்கறவன் மொத வாய முழுங்கக் கூடாது. துரைகிட்ட கத்துக்கிட்டது."

முகம் மாறியிருக்கிறது. முதுகு வளைந்திருக்கிறது. துப்பல் மாறவில்லை.

அவன்தான். டீ தொடையில் கொட்டியது. சுட்டது தெரியவில்லை.

மேஸ்திரி என்று முழுக்க எழுதக் கை வலிக்கிறது. இனி 'மே.' என்று மட்டும் எழுதுவேன்.

வியாழன். காற்று.

குடகு ஆரஞ்சுத் தோல் காயவைத்துப் போட்ட டீ. கசப்பு முன்னால், இனிப்பு பின்னால். நல்ல டீ. அவன் எதிரில் உட்கார்ந்திருந்தும் நல்ல டீ நல்ல டீயாகத்தான் இருக்கிறது. அதுவே கோபம்.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

முதல் ஜெர்மன் சண்டைக் காலம். நீலகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட். கூலிகளின் லைன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர். என் அண்ணன் வேலன், அண்ணி, நான், எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர். எங்களைக் கூட்டிப்போனவன் மே. துரைக்கு ருசி பார்க்கத் தனி அறை உண்டு. உறிஞ்சித் துப்புவார், துப்பப் பித்தளைப் பாத்திரம். மே.க்கும் அந்த ஆசை. விடிகாலையில் லைனுக்கு வந்து எங்கள் டீயை எடுத்து உறிஞ்சுவான். பாத்திரம் கிடையாது. எதிரில் நிற்பவன் முகம்தான் பாத்திரம்.

ஒரு நாள் உறிஞ்சும்போது புரையேறிவிட்டது. மூக்கு வழியாக டீ. அண்ணன் சிரித்தான். அவன் சிரித்தால் அடுத்த லைனுக்குக் கேட்கும். அவ்வளவுதான் குற்றம். மே.யின் ஆட்கள் அவன் கையைப் பிடித்தார்கள். என்னைச் சுவரோடு வைத்து அழுத்தினார்கள். மே. தாடையைப் பிடித்துத் திறந்து, அடுப்பில் கொதித்த டீயை அப்படியே வாயில் ஊற்றினான். "முழுங்குடா. நீ துப்பக் கூடாது."

அதன்பிறகு அண்ணனுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பேச்சும் இல்லை. காய்ந்து செத்தான்.

எனக்கு வேண்டியது ஒன்றே. மே. முதல் வாயை விழுங்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க. என் கையால். வேலன் என்ற பேரைக் கேட்டுக்கொண்டே.

வெள்ளி. மூட்டம்.

சுக்கு, மிளகு. தொண்டைக்கு இதம். பல் போனவனுக்குத்தான் எரிந்தது, "அம்மா" என்று குதித்தான்.

மே. துப்பினான். இந்த முறை காலடியில் இல்லை, கால் மேலேயே. "தொடைச்சுக்கோப்பா, வெறும் டீதானே." கூலிக்காரர்கள் சிரித்தார்கள். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சிரித்தேன்.

நஞ்சப்பாவிடம்: "நாளைக்கு ஒரு டீ நான் போடறனுங்க. எங்க ஊரு ருசி." சரி என்றான்.

வகுப்பில் டீச்சர்: "எல்லாரும் அவங்கவங்க பேரு எழுதியாச்சு, நீங்க மட்டும் எழுதல ஐயா." வேலன், வேலன் என்று பலகை முழுக்க எழுதினேன். "யாரு வேலன்? முருகக் கடவுளா?" ஆமாம் என்றேன்.

சனி. விடாத தூறல். கல்லெல்லாம் வழுக்கல்.

இடது கையில் இரண்டு விரல் உடைந்திருக்கிறது. எழுதுகிற கை சரியாக இருக்கிறது.

உப்பு டீ போட்டேன். தூள், கல் உப்பு, தட்டிய மிளகு. பால் இல்லை. வெல்லத்துக்கு வழியில்லாமல் லைனில் குடிப்பது. கொதிக்கும் கெண்டியோடு மே.க்குப் பின்னால் நின்றேன். வாயில் வைத்ததும் தாடையைப் பிடித்துவிடுவது என்று நினைப்பு.

உறிஞ்சினான். உருட்டினான். என் கை அவன் கழுத்துக்குப் பக்கத்தில்.

துப்பவில்லை. விழுங்கினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"எங்கம்மா டீடா இது. லைன் டீ. இத்தன வருசத்துல முழுங்கத் தோணுன மொத வாய் இதுதான்." கிளாசை நீட்டினான். "இன்னொண்ணு ஊத்து."

நான் செய்ய வந்ததை அவனே செய்துகொண்டான். ருசித்து.

"வேலனத் தெரியுமுங்களா?"

"எந்த வேலன்?"

"கொதிக்கற டீய வாயில ஊத்துனியே. உன்னப் பாத்துச் சிரிச்சானே, அந்த வேலன்."

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "எத்தனையோ வேலனுங்கப்பா. பேரெல்லாம் யாரு எழுதி வெச்சா? ஊத்து, ஆறிடப்போகுது."

ஊற்றினேன். கிளாசில் இல்லை.

மூஞ்சி, வாய். அலறினான். கண்ணை மூடியபடியே தடியை வீசினான், விரலில் பட்டது. கெண்டியாலேயே வாயில் அடித்தேன். மறுபடி. இன்னொரு முறை. சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் படியில் சரிந்தோம். கல்லில் பட்டது அவன் தலை. பல் போனவன்தான் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கினான். "போதும் பெரியவரே, போதும்."

நஞ்சப்பா போலீஸ்காரரிடம்: "மழையில நனஞ்ச கல்லு சார். கெண்டியோட வழுக்கி விழுந்தாங்க, கிழவங்க." அவர் என் கையைப் பார்த்தார். மே.யை வண்டியில் ஏற்றினார்கள்.

ஞாயிறு. மழை விட்டது.

டீ இல்லை. கடைக்குப் போகவில்லை.

பொன்னி விரலுக்குக் கட்டுப் போட்டாள். "உங்க டீக்கடை ஆளு எங்க வார்டுலதான் கெடக்கறாருங்கப்பா. நாக்கு வீங்கிப்போச்சு. அப்பவும் விடாம ஒண்ணையே கேக்கறாரு. வேலன் யாரு, வேலன் யாருன்னு." கட்டை இறுக்கினாள். "யாருங்கப்பா வேலன்?"

அவளுக்கு ஒரு பெரியப்பா இருந்ததே தெரியாது. நான் சொன்னதில்லை.

"நீங்கதான அடிச்சீங்க?"

ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. கட்டுத் துணியின் மிச்சத்தைச் சுருட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மறந்த மாதிரி நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே தெரியவில்லை. தெரியாமலே போய்விட்டால், நான் அடித்தது ஏதோ ஒரு கிழவனை. அவ்வளவுதான்.

நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு இடது காது கிழிந்திருக்கும். விசிலடிப்பான். சிரித்தால் அடுத்த லைனுக்குக் கேட்கும். இத்தனையும் சொல்ல வேண்டும்.

திங்கள். மறுபடி மழை.

உப்பு டீ போட்டுத் தூக்குப்போசியில் எடுத்துப்போனேன். அவனுக்குக் கொடுக்கவா, ஊற்றவா, தெரியாது. கையில் ஏதாவது வேண்டியிருந்தது.

கட்டில் காலி. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னி: "விடியறப்பவே போயிட்டாருங்கப்பா. கடைசி வரைக்கும் அதேதான் கேட்டுட்டிருந்தாரு."

கேட்டுக்கொண்டே போய்விட்டான். சொல்ல ஆள் இல்லை.

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து போசியைத் திறந்தேன். முதல் வாயைத் துப்பினேன். ஏன் என்று தெரியவில்லை. மிச்சத்தைக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

இப்போது வீடு. வாசலில் அதே போலீஸ்காரர். கன்னடக்காரர், நல்ல மனுஷன். பொன்னி இஞ்சி டீ கொடுத்திருக்கிறாள். குடித்து முடித்ததும் போகலாம் தாத்தா என்றார். சூடு அதிகம் போலிருக்கிறது, ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் கேட்கிறது. அதற்குள் எழுத வேண்டும்.

பேரெல்லாம் யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டான். நான் எழுதுகிறேன்.

வேலன், என் அண்ணன். கொதித்த டீ.

குப்பாயி, அண்ணி. அதே மாதம், எஸ்டேட் குளத்தில் இறங்கினாள்.

சடையன். துரையிடம் போய்ச் சொன்னான். துரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் மே.யின் ஆட்கள் விலாவை உடைத்தார்கள், ரத்தமாகக் கக்கிப் போனான்.

நாகன். என்னோடு தப்பி வந்தவன். கொள்ளேகாலம் சந்தையில் வேறு ஏதோ சண்டை, கத்தி.

அந்தக் காலையில் அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு மிச்சம் ஒருவன். டீச்சர் கேட்டும் நான் எழுதாத பேர்.

மாரப்பன்.