மச்சுக்குத் தாழ்ப்பாள் வைத்தோம்

முருகன் துணை

பழனி
6-5-1962

அன்பு மகள் சுந்தராம்பாளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, வீடு முழுக்க ஓடும் பலகையுமாகக் கிடந்தது, உட்கார்ந்து எழுத இடமில்லை. நம் மச்சை அறையாக்கிவிட்டோம். வவ்வால் இருக்கிறது என்று நீ ஏறப் பயப்படுவாயே, அதே மச்சுதான்.

தைப்பூசத்தில் நடந்ததை உனக்கு எழுதாமல் விட்டேன், தூரத்தில் இருப்பவள் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்றுதான். பூசம் வந்தால் அறைகளை யாத்திரைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நாம் மூலைக்கு ஒருவராய்ப் படுப்பது உனக்குத் தெரியாததா. இந்த வருஷம் கூட்டம் அதிகம் என்று உன் தம்பி குமாரவேலின் அறையையும் அப்பா கொடுத்துவிட்டார். அவனுக்குக் கல்யாணமாகி வந்த புதுப்பெண், நம் பொன்னுத்தாய், அடுப்படியில் என் பக்கத்தில் படுத்தாள், சேலை மாற்றக்கூட இடமில்லாமல் குதிருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். கூட்டம் கலைந்த மறுநாள் பையும் கையுமாக என்னிடம் வந்து, "அத்தே, உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல. உள்ளாற தாப்பாப் போடுற மாதிரி ஒரு ரூம்பு இருந்தாச் சொல்லி விடுங்க, வெரசா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பூம்பாறையில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

உன் அப்பாவுக்கு ஒரே கோபம். யாத்திரைக்காரர்களால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, அது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா என்றார். தம்பி எதிர்த்துப் பேசவில்லை, சாப்பாட்டைத்தான் குறைத்துக்கொண்டான். மாசி முழுக்க இப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து ஏணியைப் போட்டு மச்சில் ஏறி, ஓட்டை அண்டா, கால் உடைந்த கட்டில் என்று ஒவ்வொன்றாகக் கீழே இறக்க ஆரம்பித்தான். உன் அப்பா, "ஏலே, என்ன சோலி பாக்குற, எறங்குலே கீழ" என்று கத்திக்கொண்டே தானும் ஏறினார். உத்திரத்தில் தலை இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அப்பனும் மகனும் என்ன பேசினார்களோ தெரியாது. முகமெல்லாம் ஒட்டடையாக இறங்கி வந்தவர், "அங்ஙன ஒரு ஆளு நிமிந்து நிக்க முடியல, மணியன் ஆசாரிய வரச் சொல்லு" என்றார். தம்பி கண் சிவந்திருந்தது.

ஆசாரி கூரையைத் தூக்கி, ஓட்டுக்கு அடியில் பலகை அடித்து, வெக்கை தங்காமல் இருக்க எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல் வைத்தார். ஒன்றைத் திறந்தால் மலைக்கோயில் தெரிகிறது. ஏணிக்குப் பதிலாக மரப்படி. பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் ஓடு பிரித்துக் கிடக்கும்போது பிடித்தது பார் ஒரு மழை! நம் வீட்டில் தங்கியிருந்த காங்கேயத்துக்காரர்கள் யாரும் கூப்பிடாமலே மேலே ஏறித் தார்ப்பாயை விரித்து, மழை விடுகிற வரைக்கும் அரோகரா போட்டுக்கொண்டு நனைந்தபடி மூலைக்கு ஒருவராய்ப் பிடித்து நின்றார்கள். அவர்களுக்குச் சுக்குத்தண்ணி போட்டுக் கொடுத்தே என் கை ஓய்ந்தது.

வேலை முடிந்ததும் தம்பி போவான் என்று பார்த்தால், உன் அப்பா சலவை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு தானே கிளம்பிவிட்டார். வத்தலக்குண்டு சுற்றிக் கொடைக்கானல் போய், அங்கிருந்து பூண்டு லாரியில் உட்கார்ந்து பூம்பாறை போயிருக்கிறார், இந்த வயதில்! அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "தாப்பா போட்டாச்சு, வா தாயின்னேன், வேறென்ன" என்றார். அவளும் மறுபேச்சில்லாமல் கூட வந்துவிட்டாள். இப்போது தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே, கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கே இரண்டு தரம் வருகிறான்.

போன வாரம் நம் வாடிக்கைக்காரர் ஒருவர், மேலே நல்ல காற்று வருமே, அந்த அறையைக் கொடுங்கள் என்று கேட்டார். "அது எங்க மருமகளுதுங்க, நானே கேட்டுத்தான் ஏறணும்" என்று சொல்லிவிட்டார் உன் அப்பா. அன்றைக்கே கூடத்து நெரிசலில் ஒரு பச்சைப்பிள்ளைக்காரி பால் கொடுக்க மறைவில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள், குழந்தை வீறிட்டு அழுகிறது. பொன்னுத்தாய் யாரையும் கேட்கவில்லை, அவள் கையைப் பிடித்து மச்சுக்குக் கூட்டிப்போய் உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, படியில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள். அது தெரியாமல் உன் அப்பா ஜன்னல் கொக்கியைச் சரி பார்க்க ஏறப் போனார். "உள்ள புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்காக, பொறகு வாங்க மாமா" என்றாள் அவள். வீட்டு எஜமானர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் இறங்கி வந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே, அந்த ஊர் மழையில் குழந்தையை நனைய விடாதே, அவன் போட்டோ ஒன்று அனுப்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மூன்று பேரும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். நீங்கள் ஊருக்கு வரும்போது மச்சிலேயே தங்கலாம், ஆனால் பொன்னுத்தாய்க்கு முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கந்தம்மாள்